விலாவோடு ஒட்டிய கை

குண்டூசி என்ற பெயர் முதன்முதலாகக் காதில் விழுந்தது, ஒரு நாற்காலியில் உட்காரப் போன நேரத்தில். வேன் ஓட்டுகிற நம் ஒன்றுவிட்ட தம்பிக்குக் கல்யாணம் ஆன புதிது. குடித்தனம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாமே என்று நாலு மாடி ஏறி, மூச்சு வாங்கி, அப்பாடா என்று உட்காரப் போனால், புதுப்பெண் அடுப்படியிலிருந்து ஒரு கத்துக் கத்தினாள்.

"உக்காராதீங்க அண்ணி! குண்டூசி இருந்த எடம்!"

தடவிப் பார்த்தால் நாற்காலியில் மூன்று ஊசி. கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையிலிருந்து ஒரு தலை எழுந்தது. பதினோரு வயது இருக்கும். குச்சி உடம்பு, அதன்மேல் பெரிய தலை, உதட்டில் வரிசையாக இன்னும் நாலைந்து ஊசி. "ம்ம்" என்றது. வணக்கம் சொன்னதாம். குண்டூசி என்றது ஊசியை மட்டும் அல்ல, புதுப்பெண்ணின் தங்கையையும்தான் என்று அப்போதுதான் விளங்கியது. தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகள். கல்யாணமாகி வந்தபோது அக்காக்காரி கொண்டுவந்தது ஒரு தையல் பெட்டியும் ஒரு தங்கையும்தான். நம் ஆட்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நம் தம்பி மட்டும், "பெட்டிக்குப் பூட்டு இல்ல, தங்கச்சிக்கு வாய் இல்ல, எனக்கென்ன கஷ்டம்?" என்று விட்டுவிட்டான்.

அக்காவுக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் தையல் அறையில் வேலை. நிலவறையில் இருந்தது அந்த அறை. தலைக்கு மேல் வெந்நீர்க் குழாய்கள் ஓடும், மழைக்காலத்திலும் வியர்க்கும். நடுவில் நைந்துபோன படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். ஒவ்வொன்றையும் நெடுக்காக இரண்டாக வெட்டி, நைந்த நடுவை வெளியே தள்ளி, கெட்டியாக இருக்கும் ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து சேர்த்துத் தைப்பாள். அப்புறம் அந்த விரிப்பு இன்னும் மூன்று வருஷம் உழைக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் குண்டூசி நேராக அங்கேதான் போவாள். தேறாது என்று ஒதுக்கிப்போட்ட விரிப்புகளை எடுத்து அக்கா மேலேயே சுற்றி, மடித்து, ஊசி குத்தி, ராணி ஆக்குவாள், திருடன் ஆக்குவாள், தூணாகக்கூட ஆக்குவாள். அக்கா உடம்பில் அவள் குத்தாத இடம் இல்லை.

"ஏய், உள்ள ஆள் இருக்கேன்டி!" என்று அக்கா அலறுவாள். தையல் அறையே சிரிக்கும்.

பதினெட்டு வயதில் குண்டூசி, அக்காவின் சம்பளத்தில், ஓவியப் பள்ளியில் சேர்ந்தாள். நம் ஊர்க் குளிருக்குக் கோட்டு இல்லாமல் வெளியே தலை காட்ட முடியாது; அக்கா ஒரு கருநீலக் கோட்டு வாங்கியதும் அந்த வருஷம்தான். அதற்குப் பிறகு அக்கா கோட்டு வாங்கவில்லை. இதை அப்போது யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. நம் கண்ணிலும் படவில்லை, பொய் சொல்வானேன்.

ஓவியப் பள்ளி முடித்துச் சில வருஷம் கழித்துக் குண்டூசியின் முதல் கண்காட்சி நடந்தது. காகிதத்தில் வரையவில்லை. மருத்துவமனை கழித்துப்போட்ட பதினோரு விரிப்புகளில் சாயம் ஏற்றி, கரியால் படுத்திருக்கும் ஆட்களை வரைந்து, கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தாள். பெரிய மனிதர்கள் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் ஒரு விரிப்பின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "ஒவ்வொரு உடம்பையும் இந்த நடுக்கோடு ரெண்டாப் பிரிக்குதே, இதுல என்ன சொல்ல வரீங்க?" என்று கேட்டார். குண்டூசியும் உயிர், பிரிவு என்று என்னமோ பெரிதாகச் சொன்னாள். வேலை முடித்து நேராக அங்கே வந்திருந்த அக்கா, கோட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் நின்றிருந்தவள், "அது ஒண்ணுமில்லைங்க, ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து தெச்சது. தையல் என்னோடது" என்றாள். கண்ணாடிக்காரர் அதையும் கலை என்று நினைத்து எழுதிக்கொண்டார். அக்காவும் தங்கையும் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அன்றைக்குச் சிரித்தது உண்மை. அதையும் சொல்ல வேண்டும்.

அந்தக் கண்காட்சிக்கு வந்திருந்த நாடகக் குழுத் தலைவர், "இந்தத் துணிக்குள்ள ஆள் நடந்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டார். அப்படித்தான் குண்டூசி நாடகத்துக்குப் போனாள். அந்தக் காலத்தில் மேடையில் ஏழையைக் காட்ட வேண்டுமென்றால், நல்ல துணியில் வேறு நிறத்தில் நாலு ஒட்டுப் போட்டு அனுப்புவார்கள். குண்டூசி முதல் நாளே வாயிலிருந்த ஊசிகளை எடுத்துவிட்டுப் பேசினாள்.

"யாருங்க இப்படிக் கிழிசலைக் காட்டிக்கிட்டு வெளிய போவாங்க? மறைப்பாங்க. எப்படி மறைக்கிறாங்கன்னு பாத்து, அதைத்தான் தைக்கணும்."

இதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தாள். பித்தான் போன இடத்தில் எப்போதும் கோப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும் குமாஸ்தா அதில் இருந்தார். ஸ்வெட்டருக்கு வெளியே தெரிகிற காலரை மட்டும் இஸ்திரி போடும் பேருந்து நடத்துநர் இருந்தார். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி, செருப்பின் தேய்ந்த முனைக்குப் பேனா மையைத் தடவுகிறவள், அவளும் இருந்தாள். உடை பேசுகிறது என்று பத்திரிகைகள் எழுதின. ஐந்தாறு வருஷத்தில், அவள் தைத்தால்தான் நடிப்பேன் என்று சொல்கிற நடிகைகள் வந்தார்கள்.

ஒரு நாள் அக்காவுக்குக் காய்ச்சல். கதவுக்குப் பின்னால் கழன்று விழுந்து கிடந்த கோட்டை எடுத்துக் குண்டூசி மாட்டப் போனாள். இடது அக்குளில் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிசல். அதைச் சுற்றிலும் தையலுக்கு மேல் தையல், வேறு வேறு நூலில், வேறு வேறு வருஷத்தில். துணி வெங்காயத் தோல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஊசி போன இடமெல்லாம் புதிதாகக் கிழிந்திருந்தது. ஊர்க் கிழிசலையெல்லாம் தைக்கிறவளால் அதைத் தைக்க முடியவில்லை. நூல் பிடிக்கத் துணி வேண்டுமே.

அக்கா பேருந்தில் வலது கையால் மட்டுமே கம்பியைப் பிடிப்பது ஏன், கடையில் தன்னைவிடக் குள்ளமான புருஷனை மேல் பலகையிலிருந்து டப்பா எடுத்துத் தரச் சொல்வது ஏன், கைப்பையை இடது விலாவோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நடப்பது ஏன் என்று எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. அழுதாள் என்று சொல்ல ஆசைதான். அழவில்லை. கோட்டை மாட்டிவிட்டு நோட்டை எடுத்தாள்.

அடுத்த நாடகத்தில் வேலை தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறுகிற ஒரு நடுத்தர வயதுப் பெண் வந்தாள். குண்டூசி அவளுக்கு ஒரு கருநீலக் கோட்டுத் தைத்து, அக்குளில் கிழிசல் வைத்து, "முழங்கை விலாவை விட்டுப் போகக் கூடாது" என்று நடிகையிடம் சொல்லிக்கொடுத்தாள். ஒத்திகை பார்த்த தலைவருக்கு ஒரே குஷி. அந்த ஒட்டிய கையை வைத்தே காட்சி காட்சியாக ஊதிப் பெருக்கினார். வலது கையில் எப்போதும் பை இருக்கும், அதனால் கைகுலுக்க வந்தால் தப்பான கை. குடை விரித்தால் குடை இடுப்புக்குக் கீழே. மேல் பலகையில் கோப்பு இருந்தால் அவள் நாற்காலி மேல் ஏறி, மேஜை மேல் ஏறி, கையைத் தூக்காமலே எடுக்கப் பார்ப்பாள். கடைசியில் மட்டும், ஊரை விட்டுப் போகிற மகளுக்குக் கையசைக்க இடது கையைத் தூக்குவாள். கிழிசல் வழியாக வெள்ளைத் துணி பளிச்சென்று தெரியும். அத்தோடு திரை விழும்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா மகளுக்கு மருந்துக்கடைக்காரர் வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். கொஞ்சம் வசதியான இடம். "எங்க தங்கச்சி நாடகத்துக்கெல்லாம் உடை பண்றா" என்பதுதான் அக்கா அவர்களிடம் பெருமையாகச் சொல்ல வைத்திருந்த ஒரே விஷயம். "சம்பந்தி வீட்டாரையும் கூட்டிட்டு வரேன், அஞ்சு பாஸ் குடுடி" என்றாள். பாஸில் எழுதும்போது குண்டூசியின் பேனா ஒரு நிமிஷம் நின்றது. அக்காவுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்தாள். பிறகு எழுதிவிட்டாள். மூன்றாம் வரிசை, நடு இருக்கைகள்.

ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம். குண்டூசி பக்கத் திரையின் இடுக்கில் நின்று மேடையைப் பார்க்காமல் மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். வெளியே குளிர். அரங்கத்துக்குள்ளும் கோட்டோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் கருநீலமும் மேடையில் நிற்கும் கருநீலமும் ஒரே நீலம். சாயக்கடையில் அக்காவின் கோட்டிலிருந்து பிரிந்த நூலைக் காட்டித்தான் அந்த நிறத்தையே வாங்கியிருந்தாள்.

கைகுலுக்கும் இடத்தில் சம்பந்தியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குடை விரிக்கும் இடத்தில் அவள் கண் தற்செயலாகப் பக்கத்து இருக்கைக்குப் போனது. அக்காவின் இடது முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. சம்பந்தியம்மா சிரிப்பை நிறுத்தினாள். மேடையைப் பார்த்தாள், மறுபடி முழங்கையைப் பார்த்தாள், புருஷன் தொடையில் ஒரு இடி இடித்தாள். அவரும் எட்டிப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நம் தம்பி, குண்டூசியின் அத்தான் மட்டும், பாவம், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கிழிசல் தெரியவே தெரியாது.

ஆட்டம் முடிந்து எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அக்காவும் எழுந்து நின்று தட்டினாள். முழங்கையை எடுக்காமல் தட்டினாள்.

வாசலில் சம்பந்தியம்மா குண்டூசியின் கன்னத்தைத் தடவினாள். "உங்க தங்கச்சிக்கு என்ன கண்ணுங்க! வீட்டுலயே பாத்துப் பழகினாத்தான் இப்படி வரும்."

"ஆமாங்க சம்பந்தி. சின்னதுலேர்ந்தே அவ அப்படித்தான்" என்றாள் அக்கா.

பேருந்து நிறுத்தம் வரை அக்காவும் தங்கையும் சேர்ந்து நடந்தார்கள். அத்தானும் மகளும் முன்னால் போனார்கள். பாதி தூரம் போன பிறகு அக்கா பேசினாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு கைய இன்னும் கொஞ்சம் தளர்த்தி வெச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஒம்பது வருஷமா உங்க அத்தானுக்கே தெரியாது."

குண்டூசி உதட்டில் ஊசி இல்லாமலே "ம்ம்" என்றாள்.

கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் சம்பந்தியம்மா பெரிய பெட்டியோடு வந்தாள். உள்ளே புதுக் கோட்டு, மண் நிறம், வாய் அகலத்துக்குப் பித்தான்கள். "கல்யாணத்துக்குப் போட்டுக்குங்க, நமக்குள்ள என்ன?" என்று நாலு பேர் இருக்கும்போது அக்காவின் மடியில் வைத்தாள். குண்டூசியும் ராப்பகல் பாராமல் ஒரு கோட்டுத் தைத்துக்கொண்டுதான் இருந்தாள். அக்குளுக்கு இரட்டைத் துணி கொடுத்துத் தைத்தாள். அதை எடுத்துக்கொண்டு மூன்று நாள் கழித்து வந்தபோது அக்கா விரலால் தையலைத் தடவிப் பார்த்தாள். "அழகா இருக்கு. ஆனா ஏற்கெனவே ஒண்ணு வந்துடுச்சேடி" என்று அலமாரியில் வைத்து மூடினாள். மகள் கல்யாணத்தில் அந்த மண் நிறக் கோட்டோடு, இரவல் ஆள் மாதிரி நின்றாள். நம் பக்கத்து ஜனங்கள் வேறு, "சம்பந்தி எடுத்துக் குடுத்ததாமே" என்று காதோடு காது பேசினோம்.

சண்டை என்று ஒன்று வந்திருந்தால்கூடத் தேவலை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. குண்டூசி போனால் அக்கா காபி கொடுப்பாள், நலம் விசாரிப்பாள். ஆனால் தங்கை இருக்கும் நேரத்தில் தைக்க மாட்டாள், துணி மடிக்க மாட்டாள், தலை வாரிக்கொள்ளக்கூட மாட்டாள். புகைப்படம் எடுக்க உட்கார்த்திவைத்த ஆள் மாதிரி மடியில் கை வைத்து நேராக உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை தெரியாமல் பல்லால் நூலை அறுத்துவிட்டு, சட்டென்று தலை தூக்கி, "இதையும் எழுதிக்கிறியா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். குண்டூசி அன்று பேருந்தில் ஏறாமல் வீடு வரை நடந்தே போனாள்.

வேறு யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. சொன்னால், "இதுக்காடி இவ்வளவு?" என்பார்கள். அக்கா தன் முன்னால் மறுபடி ஒரு தடவை சும்மா இயல்பாக இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது அவளுக்கு. கேட்டு வாங்க முடிகிற பொருளா அது?

எட்டு வருஷம் கழித்து அந்த நாடகத்தைப் படமாக எடுக்க வந்தார்கள். குண்டூசி அதற்குள் மூன்று படங்களுக்கு உடை செய்து பேர் வாங்கியிருந்தாள். சினிமாவில் எல்லா உடையும் மூன்று செய்ய வேண்டும். ஒன்று நனைந்தால் ஒன்று, அழுக்கானால் ஒன்று. மூன்றும் ஒரே மாதிரி நைந்திருக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேயிலைத் தண்ணீரில் முக்கி, பை தொங்கட்டும் என்று பையில் கல்லைப் போட்டு வாரக்கணக்கில் மாட்டி வைப்பாள். இந்தத் தடவையும் எல்லாம் செய்தாள். அக்குளில் மட்டும் கை வைக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் மூன்று கோட்டிலும் அங்கே இரட்டைத் துணி வைத்து, மருத்துவமனைத் தையல் போட்டாள்.

ரயில் நிலையக் காட்சி. ரயில் அந்த ஒரு நாளைக்குத்தான் கிடைத்திருந்தது. நடிகை கையைத் தூக்கினாள். கேமரா அக்குளை நோக்கி நெருங்கிப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

"மேடம், கிழிசல் எங்க?" என்றார் இயக்குநர். சின்ன வயசு.

"இல்லைங்க."

"இல்லைன்னா? கதையே அதுதானே மேடம்!"

"இந்தக் கோட்டுல இல்லைங்க."

அவர் கையால் இழுத்துப் பார்த்தார். உதவியாளர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். நடிகை, "உள்ள நான் இருக்கேன் சார்!" என்று கத்தினாள். தையல் அசையவில்லை. பிளேடு வைத்துக் கீறினார்கள். கேமராவில் பார்த்தால் கத்திக் குத்து மாதிரி இருந்தது. அதற்குள் ரயில்காரர்கள் விசில் ஊதிவிட்டார்கள். கடைசியில் கையைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டுப் போனார்கள். "வேணும்னே பண்ணிட்டீங்க" என்றார் இயக்குநர். குண்டூசி மறுக்கவில்லை. படத்தில் அவள் பெயர் வந்தது. அதற்குப் பிறகு எந்தப் படத்திலிருந்தும் அவளைக் கூப்பிடவில்லை.

படம் வந்த மாதம் அக்கா வீட்டுக்குப் போனாள். எப்படிச் சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் கோத்துக்கொண்டே போனாள். அக்காவே முந்திக்கொண்டாள்.

"படம் பாத்தேன்டி."

"எப்போக்கா?"

"செவ்வாக்கிழமை. தனியாத்தான் போனேன். டிக்கெட்டு வாங்கிட்டு."

"கிழிசலை எடுத்துட்டேன்க்கா. மூணு கோட்டுலயும்."

"அதான் பாத்தேனே. அப்புறம் எதுக்கு அந்தப் பொம்பள கைய ஒடுக்கிக்கிட்டே திரியறா? பின்னால உக்காந்திருந்த ஆளு சுளுக்குன்னான். தைலம் தடவுங்கம்மான்னு கத்தறான், கொட்டகையே சிரிக்குது."

"உனக்காகத்தான்க்கா எடுத்தேன்."

"எனக்காகவா?" அக்கா அவளை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள். "நாள் முழுக்கக் கிழிசலோட கெடக்கறவ நானு. கிழிசலைப் பாத்து எனக்கென்னடி வெக்கம்? அந்தக் கோட்ட ஒம்பது வருஷம் நான் காப்பாத்தினேன். நீ வந்து, அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு தெச்சு மூடிட்டே."

"அப்ப இத்தனை வருஷம் ஏங்க்கா எங்கிட்ட…"

"சம்பந்தி வீட்டோட உக்கார வெச்சியேடி. தனியாக் கூப்பிட்டிருந்தா நானும் சிரிச்சிருப்பேன். நல்லாத்தானே பண்ணியிருந்தே. அந்தக் குடைய விரிக்கிற எடத்துல எனக்கே சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்."

குண்டூசி அத்தோடு விட்டிருக்கலாம். யோசிக்காமப் பண்ணிட்டேன்க்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா அன்றைக்கே மன்னித்திருப்பாள் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அவளால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

"பாஸ் எழுதும்போது யோசிச்சேன்க்கா. உனக்கு எங்க புரியப்போகுதுன்னு நெனச்சுதான் எழுதினேன்."

அக்கா காபி டம்ளர்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"புரிஞ்சுது" என்றாள். பிறகு, "கெளம்பு, அஞ்சரை பஸ் போயிடும்."

இதெல்லாம் நடந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா இப்போது மகள் வீட்டில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறாள்; முழங்கால் வலியால் கீழே இறங்குவதில்லை. குண்டூசிக்கு அறுபத்து மூன்று வயது. அதே நாடகக் குழுவின் துணி அறையில் வாரத்துக்கு நாலு நாள் வேலை செய்கிறாள். அக்கா வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரத்தில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள். போனால் காபி உண்டு; அக்கா இன்னும் மடியில் கை வைத்து நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.